ஹோஸ்ட் ஆப்பில் குடியிருந்த ஆர்மோனியம்

செல்போனுக்கு இசை பிளக்-இன் எழுதுவது வாடகைக் குடித்தனம் மாதிரி என்று, இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளக்-இன் வெறும் வாத்தியம், தனியாகப் பாடாது. ஹோஸ்ட் ஆப் என்கிற வீட்டுக்காரர் உள்ளே விட்டால்தான் பாடும்.

காற்று வரவில்லை

மனைவி கமலா காலமான பிறகு, அவளுடைய ஆர்மோனியத்தை ஒவ்வொரு கட்டையாகப் பதிவு செய்து பிளக்-இன் ஆக்கினேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். ஹோஸ்ட் ஆப்களில் பிளக்-இன்கள் தயாரிப்பாளர் பெயரோடு வரிசையாக நிற்கும். அந்த இடத்தில் 'கமலா' என்று போட்டேன்.

இரும்புலியூர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஸ்டெல்லா அக்கா அதைத் தன் போனில் இறக்கிய அன்றே எனக்குப் போன் செய்தார். அடுத்த வாரம் மகள் கல்யாணம். பெண் சர்ச்சுக்குள் நடந்து வரும்போது தானே வாசிக்க வேண்டுமென்று ஆசை. ஹோஸ்ட் இல்லாமல் பிளக்-இன்னை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னா சார், பொட்டி மட்டும் கீது, காத்தே வரலியே?"

மறதி

ஹோஸ்டுக்குள் ஏற்றிக் கொடுத்தேன், பாடியது. சர்ச் பாட்டுக் குழுவுக்காகச் சுருதியை அரைக் கட்டை இறக்கி வைத்தார். மறுநாள் திறந்தால் பழைய சுருதி! தான் சேமித்து வைத்த அமைப்பை ஹோஸ்ட் திறந்தவுடனே கொடுத்துவிடுகிறது. பிளக்-இன் அதை வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக ஒலிகளை ஏற்றி, பழைய சுருதியை அதன்மேலேயே எழுதிவிடுகிறது. ஒலி முதலில், அமைப்பு பிறகு என்று வரிசையை மாற்றி அனுப்புவதற்குள் அக்கா சொல்லிவிட்டார்: "நைட்டு சொன்னது காலைல மறந்துடுது. எங்க வூட்டுக்காரரையா சார் உள்ள வெச்சுட்டீங்க?"

பாதி வழியில்

கல்யாணத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெண் பாதி தூரம் வந்திருந்தாள். கீபோர்டோடு இணைத்திருந்த அக்காவின் போனுக்கு அழைப்பு வந்தது. ஆர்மோனியம் நின்றது. பெண்ணும் நின்றாள். அழைப்பு முடிந்தால் ஹோஸ்ட் நம் பிளக்-இன்னை மறுபடி எழுப்பும். எழும்போது சுருதி நினைவிருக்குமா? பாட்டுக் குழு மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

அக்கா அழைப்பை வெட்டிவிட்டுக் கீபோர்டை அழுத்தினார். அதே சுருதி! பெண் சிரித்துக்கொண்டே நடந்தாள். கூப்பிட்டவர், பெருங்களத்தூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட தாய்மாமன்.

பிரியாணிப் பந்தியில் அக்கா என்னைத் தேடி வந்தார். "தனியாவா வந்தீங்க? கமலா அக்காவையும் இட்டுகினு வந்திருக்கலாம்ல சார்? இன்னிக்கு என் மானத்த காப்பாத்தினதே அவங்கதான்!"

எத்தனையோ அமைப்புகளைத் தொலைத்த இந்த ஹோஸ்ட் ஆப்கள், தயாரிப்பாளர் பெயரை மட்டும் ஒரு தடவைகூட மறந்ததில்லை.