அறுநூறு மில்லி

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகும் சாலையில், உரக்கடைக்கு அடுத்த வீட்டின் முன்னறைதான் கோமதியின் பியூட்டி பார்லர். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, முகம் கழுவ ஒரு பேசின். பின்னால் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவளும் கணவன் தனபாலும் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை.

பொள்ளாச்சியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து பதினோரு வருடமாக அவள் பார்லர் நடத்தி வந்தாள். கல்யாணப் பெண்களை ஒரு மாதம் முன்பிருந்தே வரச் சொல்வாள். முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் கொடுப்பாள். ஒரு லிட்டர் பிடிக்கும். பக்கவாட்டில் அளவுக் கோடுகள் அச்சடித்திருக்கும். கோயமுத்தூரில் பெட்டியோடு வாங்கி வருவது. தினமும் மூன்று பாட்டில் காலியாக வேண்டும் என்பாள். கிரீம் மேலே பூசுவது, பளபளப்பு உள்ளேயிருந்துதான் வரும் என்பாள். இரண்டு பாட்டிலைத் தாண்டாத பெண்களை உரிமையோடு திட்டுவாள். இரண்டு நாளைக்கு ஒரு இளநீரும் குடிக்கச் சொல்வாள். அதைச் சொல்லும்போது தனபால் வீட்டில் இருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து, நம்மகிட்டயே வாங்கிக்கச் சொல்லு என்று குரல் கொடுப்பான். பெண்கள் சிரிப்பார்கள்.

தனபால் இளநீர் வெட்டுகிறவன். பதினெட்டு வயதில் மரம் ஏற ஆரம்பித்தான். முப்பத்தைந்தில் ஏறுவதை விட்டு, தோப்புகளை மொத்தமாகப் பேசி எடுக்கும் வியாபாரியிடம் மேஸ்திரியானான். மரம் ஏறிய காலத்தில் தினமும் தோளும் இடுப்பும் வலிக்கும். மருந்துக் கடையில் பெயர் சொல்லாமலே வலி மாத்திரையைக் கொடுப்பார்கள். பதினைந்து வருடம் சோற்றுக்குப் பிறகு அதைப் போட்டான். தோப்புக்கு வந்த ஒரு மருத்துவ முகாமில் பிரஷர் அதிகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு சட்டையோடு துவைக்கப்பட்டுவிட்டது.

முதலில் வந்தது அரிப்பு. முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு சாம்பல் பூத்தது. சொறிந்தால் வெள்ளைக் கோடு விழுந்தது. கோமதி பார்த்ததும் சொன்னாள், உடம்புக்குத் தண்ணி பத்தலை என்று. பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவனுக்கும் கொடுத்தாள். வெயிலில் நிற்கிறவன் என்பதால் அவனுக்கு நாலு பாட்டில். அவள் சொன்னால் அவன் கேட்பான். நாலு பாட்டிலும் குடித்தான்.

இரண்டு மாதத்தில் கால் வீங்கியது. செருப்பு வார் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று இருவரும் நினைத்தார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது தெரிந்தது. அரிப்பு தண்ணீர் குறைந்து வந்ததல்ல. கழிவு வெளியேறாமல் ரத்தத்தில் தங்கியதால் வந்தது. நோய் வந்தது வலி மாத்திரையாலும் பிரஷராலும், தண்ணீரால் இல்லை, ஆனால் வடிய வழியில்லாத உடம்பில் தினம் நாலு லிட்டர் ஊற்றியதில் நுரையீரல்வரை நீர் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கோமதி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி. டீ, கஞ்சி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர், எல்லாம் அதற்குள். வாழைப்பழம், தக்காளி, இளநீர் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இளநீரில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பு இந்த உடம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று சிஸ்டர் மலையாளத்தில் இரண்டு முறை சொன்னாள். தனபால் தலையாட்டினான். தன் தொழிலையே கூடாது என்கிறாள் என்று வெளியே வந்து சிரித்தான்.

அன்று கோமதி பின்தங்கி நின்று டாக்டரிடம் ஒன்று கேட்டாள். தோலுக்கு ஒருத்தர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்க வேண்டும். டாக்டருக்கு அவள் எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை. நல்ல உடம்புக்கு அப்படி ஒரு கணக்கில்லை, தாகமே சொல்லிவிடும், வெயிலில் வேலை செய்தால் கூடுதலாகக் கேட்கும், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகாமல் இருந்தால் போதும் என்றார். அதற்கு மேல் குடிப்பது தோலுக்குப் போவதில்லை, கழிவறைக்குத்தான் போகிறது. தோல் வறண்டால் குளித்த ஈரத்தோடு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பதினோரு வருடத்தில் எத்தனை பெண்களுக்கு மூன்று பாட்டில் சொல்லியிருப்போம் என்று கோமதி பஸ்ஸில் நினைத்துப் பார்த்தாள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

தனபாலின் பாட்டிலில் அறுநூறு கோட்டுக்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டாள். காலையில் அதுவரை நிரப்பி வைப்பாள். அவன் டீ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவாள். முதல் மாதம் அதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டீயை விட்டுவிட்டான்.

அவன் முன்னால் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. பார்லர் பேசினில், குழாயை மெதுவாகத் திறந்து, கையில் பிடித்துக் குடிப்பாள். பிறகு அதுவும் குறைந்தது. அவன் குடிக்கிற அளவுதான் தானும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். பங்குனி வந்தது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வேறு. அவளுக்குத் தலை சுற்றியது. உதடு பிளந்தது. பவுடர் போட்டால் முகத்தில் திட்டுத்திட்டாக நின்றது.

ஒருநாள் புருவம் எடுக்க வந்த வினோ கேட்டுவிட்டாள். வாய்த்துடுக்கான பெண்.

"ஏனுங்கக்கா, எங்களுக்கெல்லாம் மூணு பாட்டல் குடுத்து வெரட்டுனீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா குளத்து வண்டலு காஞ்சாப்பல இருக்குது. இதப் பாத்துட்டு யாரு உங்ககிட்ட பேசியல் பண்ண வருவா?"

கோமதி சிரித்து மழுப்பினாள். திரைக்குப் பின்னால் தனபால் படுத்திருந்தான்.

சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, அவன் சொம்பு நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தான்.

"குடி."

"நான் அப்பவே குடிச்சனுங்க."

"பொய் சொல்லாத புள்ள. ஒதடு வெடிச்சுக் கெடக்குது. குடி."

"உங்க முன்னால வேண்டாமுங்க."

"எம் முன்னாலதான் குடிக்கோணும். நான் பாக்கோணும்."

அவள் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். அவன் சொம்பின் அடியை விரலால் மேலே தூக்கினான். அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கும்போதெல்லாம் அவன் தொண்டையும் ஏறி இறங்கியது. சொம்பு காலியானது.

"இப்பத்தான் கொஞ்சம் தண்ணித் தவிப்பு அடங்குச்சு" என்றான்.

கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கடை சாத்தியதும் ஒரு சொம்பு. அவனே நிரப்பி எடுத்து வருவான். விருந்தாளி இருந்தால்கூட விடமாட்டான். சில நாள், வேகமாகக் குடிக்கிறாய், மெதுவாகக் குடி என்பான். அவள் உதடு ஆறியது.

அவனுடைய தோல் ஆறவில்லை. குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். பெண்களுக்கு வைத்திருந்த விலை கூடிய கிரீமை முதுகெல்லாம் பூசினாள். ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பான். ரத்தம் வரும். உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது. "ஊருப் பொண்ணுகளையெல்லாம் வெளுப்பாக்கற கை. எங்கிட்டத் தோத்துப்போச்சு பாரு" என்பான். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போவாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. உடம்புக்கு முடிந்த நாட்களில் தோப்புக்குப் போய் எண்ணிக்கை பார்த்துவிட்டு வருவான். சுற்றிலும் இளநீர் வெட்டிக் குடிப்பார்கள். அவன் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பான். ஒருமுறைகூடக் கை நீட்டியதில்லை என்று அவனோடு மரம் ஏறிய பழனிச்சாமி எல்லோரிடமும் சொல்வான்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. முந்தின இரண்டு நாளும் அரிப்பில் அவன் தூங்கவில்லை. கெண்டைக்காலைச் சொறிந்து புண்ணாக்கியிருந்தான். தோப்பில் அதைப் பார்த்த பழனிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. பச்சை இளநீர்தானே கூடாது, செவ்விளநீர் மருந்தாயிற்றே என்றான். அம்மை போட்டவனுக்கே கொடுக்கிறோம், தோல் சூட்டை அது அணைக்கிற மாதிரி எதுவும் அணைக்காது என்றான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்புவார்கள். தனபாலும் அங்கே பிறந்தவன்தான். சிஸ்டர் சொன்னதை அவன் மறந்திருக்கவில்லை. மறுநாள் டயாலிசிஸ் என்பதும் தெரியும். ஓரமாக நின்ற செவ்விளநீர் மரத்தில் பழனிச்சாமி ஏறினான்.

நாலரை மணிக்குத் தனபால் வீட்டுக்கு வந்தான். பார்லரில் கோமதி மட்டும் இருந்தாள். பாட்டிலைக் கண்ணாடி முன்னால் வைத்தான். தண்ணீர் சிவப்புக் கோட்டில் அப்படியே நின்றது.

"இன்னிக்கு ஒரு சொட்டுத் தொடலை, பாரு."

"அதெப்படி? இந்த வெயில்ல?"

அவன் சொன்னான். "ஒண்ணே ஒண்ணு. செவ்வெளநி. தண்ணிக்கில்ல புள்ள, தோலுக்குத்தான் குடிச்சேன். நாளைக்கு மெசின் எடுத்துரும்."

அவள் கத்தினாள். இரண்டு வருடம் அளந்து அளந்து ஊற்றியதையெல்லாம் சொல்லிக் கத்தினாள். அவன் உள்ளே போனான். சற்று நேரத்தில் சொம்போடு வந்தான். அவள் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சொம்பை பேசின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான். எழப் பார்த்தபோது கால் வரவில்லை. கை மரத்துப்போகிறது என்றான்.

உரக்கடைக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எப்போதும் எடுத்துப்போவதுபோல் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தாள். நல்லேப்பிள்ளி தாண்டும்போது அவன் அவள் தோளில் சாய்ந்தான்.

"தண்ணி தவிக்குது" என்றான்.

அவள் மூடியைத் திறந்து, அந்த மூடியிலேயே ஊற்றி வாயில் விட்டாள். விழுங்கிவிட்டு மறுபடி பாட்டிலைப் பார்த்தான்.

"காலையில மெசின் இருக்குதுங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"செரி" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். கால் மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இளநீர் உப்பு இதயத்தை நிறுத்திவிட்டது என்றார். கோமதி கையிலிருந்த பாட்டிலைக் காட்டி, இதை முழுசாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அதனால் ஒன்றும் கூடியிருக்காது, குறைந்திருக்காது என்றார் டாக்டர்.

மறுநாள் சடங்குக்குச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். யாரும் அளக்கவில்லை. வழிந்து காதுவரை போனது. பழனிச்சாமி சுவரோரம் குந்தியிருந்தான். அவன் கேட்டது ஒன்று, நான் வெட்டிக் கொடுத்தது மூன்று, மூன்றையும் குடித்தான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்துப் பார்லரைத் திறந்தாள். பெட்டியில் மிச்சமிருந்த பாட்டில்களைப் பழைய சாமான் வாங்குகிறவனுக்குப் போட்டாள். சிவப்புக் கோடு போட்டது மட்டும் அலமாரியில், தண்ணீரோடு இருக்கிறது. ஒரு மூடி அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

ஆவணியில் கல்யாணம் என்று சிசிலி வந்தாள். வினோ சொல்லி அனுப்பிய பெண். புருவம் எடுக்க நாற்காலியில் சாய்த்து, கோமதி நூலைப் பல்லில் கடித்தாள்.

"அக்கா, நீங்க பாட்டல் ஒண்ணு குடுப்பீங்கன்னு வினோ சொன்னா. தோலு மினுமினுன்னு வரோணும்னா தெனம் எத்தன லிட்டரு குடிக்கோணுங்க?"

கோமதி நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தவிச்சாக் குடி, அம்மிணி."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். குளிச்ச ஈரத்தோட எண்ண தேச்சுக்க."

சிசிலிக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு பார்லருக்குப் போயிருக்கலாமோ என்பதுபோல் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, வெயிலில் நடந்து வந்தது, இப்போதே தவிக்கிறது என்றாள். கோமதி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் தலையை அண்ணாந்து குடித்தாள். நிறையத் தாகம் போல. கழுத்தில் வழிந்தது.

கடைசி மடக்கு இறங்கும்வரை கோமதி அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொம்பை வாங்கிவைத்துவிட்டு நூலை எடுத்தாள்.