அவர் தோட்டத்துப் பழம்

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கொடிக்கு எந்த மருந்து அடிப்பதென்றாலும் உரக்கடை அண்ணன் சொல்வதுதான் எங்களுக்கு வேதவாக்கு. போன அறுவடைக்குப் பத்து நாள் முன்பு, விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு குரல்பதிவு போட்டார். புயல் வருகிறதாம், மூன்று நாள் அடைமழையாம். மழை பட்டால் பழம் வெடித்துவிடும். பதறிப்போய் ஆள்விட்டு எல்லாவற்றையும் வெட்டினோம். புளிப்பு மாறாத பழத்தை வியாபாரி முகம் சுளித்துக்கொண்டே ஏற்றிப்போனார்.

ஒரு துளி மழை பெய்யவில்லை.

அண்ணனுக்கும் ஊரில் திராட்சைத் தோட்டம் உண்டு. ஐந்தாம் நாள் அந்தப் பக்கம் போனேன். பந்தல் முழுக்கக் குலைகள் கறுத்துத் தொங்கின.

“ஏண்ணே, நீங்க வெட்டலையா?”

“அத அனுப்புனப்புறம் விவசாய ஆபீஸ்ல கேட்டேம்மா. மழை இல்லன்னு சொன்னாக.”

“அத எங்களுக்குச் சொல்லலையே?”

“நீங்க யாரும் கேக்கலையே.”

இப்போது அந்த ஆபீசுக்கு நானே போன் செய்கிறேன். அண்ணன் ஏதாவது அனுப்பினால், முதலில் அவர் தோட்டத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.