கை வைக்கக் கூடாத தண்ணீர்

சிங்கப்பூரில் நெருப்பே இல்லாமல் தீ மணி அடிக்கும். அடிக்க வைப்பவன் நான்தான். கட்டடங்களில் எச்சரிக்கை மணியும், கூரையில் பொருத்திய, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களும் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது என் பிழைப்பு. நீளக் கழியின் நுனியில் புகை டப்பாவை மாட்டிக் கூரையில் இருக்கும் கருவிக்குக் காட்டுவேன், கட்டடமே அலறும். வெறும் சோதனை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாலும், அத்தனை மாடி ஜனமும் காப்பிக் கோப்பையோடு முணுமுணுத்துக்கொண்டு இறங்கிவிடும். வந்த புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. போகப்போக வயிறு எரிந்தது. எங்கள் வீடு நிஜமாகவே எரிந்தபோது ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். சட்டம் வந்திருக்கிறது, குத்தகைக்காரன் தன் பெயரைப் பதிந்துகொண்டால் யாரும் அவனை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று கட்சிக்காரர்கள் எங்கள் தெருவிலேயே மேடை போட்டுச் சொன்னார்கள். அப்பா நம்பினார், தாலுக்கா ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தார். அந்த வைகாசியில் ஒரு நடுப்பகலில் எங்கள் கூரை பற்றிக்கொண்டது. போலீஸ்காரர்கள் வந்து அடுப்பு நெருப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

உள்ளே விதைநெல் இருந்தது. அது போனால் நடவு இல்லை; நிலத்தைப் பிடுங்க மிராசுதாருக்கு அந்தச் சாக்குப் போதும். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெரு முனையிலேயே ஊர்க்குளம், கோடையிலும் வற்றாதது. அம்மா அதைத் தாண்டி ஓடினாள். அப்பாவும் தாண்டித்தான் ஓடினார், பின்னால் போன தெருவும் தாண்டித்தான் ஓடியது. அந்தக் குளத்தில் எங்கள் குடம் படக் கூடாது. மேட்டூர் திறக்காத மாதம், வாய்க்காலில் அங்கங்கே சேறுதான் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு திரும்புவதற்குள் கூரை உட்கார்ந்துவிட்டது. விதையும் போயிற்று, பின்னாலேயே நிலமும் போயிற்று. எல்லோரும் சமம் என்று மேடையில் முழங்கியவர்கள் அதைக் குளத்தங்கரைக்கு வந்து சொல்லியிருக்கலாம்.

போன மாதம் ஓர் அலுவலகத்தின் சீன மேனேஜர், தன் அறையில் இருக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் உண்டு; சூடு ஏறினால் உடைந்து தண்ணீரைக் கொட்டிவிடும், யாரிடமும் உத்தரவு கேட்காது.

"தண்ணீர் பட்டால் கார்ப்பெட் கெட்டுவிடுமே" என்றார்.

"எங்கள் ஊரில், நாங்கள் தொட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்பார்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பக்கத்தில் கெமிக்கல் பேக்டரியா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அதற்கு மேல் விளக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. போதுமான இங்கிலீஷ் இருந்தாலும் வெட்கம் விட்டிருக்காது.

லீவில் ஊருக்குப் போனபோது குளம் பஞ்சாயத்துக்கு வந்திருந்தது. சிமெண்டுப் படி, திறந்து வைத்தவர் பெயரோடு ஒரு கல். எங்களுக்கும் சர்க்கார் கட்டிக்கொடுத்த காலனி வீடு. அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா அந்தக் கொளத்துல மொள்ளல?"

"தோணலடா. வூடு எரியுறது கண்ணுக்குத் தெரியுது. அதுல கை வைக்கலாம்னுதான் தோணவே இல்ல."

"இப்பவாச்சும் மொள்ளலாம்ல?"

"இப்பதான் கொழா வந்துடுச்சுல்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

மணிச் சோதனை முடிந்ததும் குழாயின் கடைசியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்பில்லாத கட்டடத்தின் தண்ணீர் சாக்கடையில் பாய்ந்து போகும். கீழே, இறங்கி வந்தவர்களின் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் நான் கிடையாது. ஊரில் ரேஷன் கார்டிலிருந்தும் என் பெயரை எடுத்தாகிவிட்டது. ஒரு கையால் வால்வைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தண்ணீரில் வைப்பேன். வைத்துவிட்டு, யாராவது அதட்டுகிறார்களா என்று இன்றைக்கும் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறேன்.