தாம்பாளத்தில் விழுந்த சொட்டுகள்

குன்னூரில் எங்கள் தெருவுக்குக் கோடையில் தண்ணீர் எப்போது வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. காலையில் வரலாம், நடுப்பகலில் வரலாம், வராமலே போகலாம். அதனால் எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, அடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைப்போம். முதல் சொட்டு தட்டில் டக்கென்று விழுந்ததும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். காலிங் பெல்லுக்கு எழுந்து வராதவர்கள்கூடத் தட்டுச் சத்தத்துக்கு எழுந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், அதுவும் மே மாதத்தில், தண்ணீர்ச் சொட்டைப் போட்டோ எடுக்க எனக்கு ஆசை வந்தது. பள்ளி விடுமுறை. சமவெளிக்காரர்கள் எல்லாம் குளிர் தேடி மேலே வந்துகொண்டிருந்தார்கள். ஏற்கெனவே மேலே இருக்கும் என்னைப் போன்ற எல்.கே.ஜி. டீச்சர் எங்கே போவது? போனில் மாட்டுகிற ஒரு குட்டி லென்ஸை வாங்கினேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், மாட்டினால் எறும்பின் மீசை தெரியும்.

பிளாஸ்டிக் பைக்கு இந்த மலையில் தடை என்பதால், ஒரு பால் கவரைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, சமையலறையில் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். அடியில் ஊசியால் ஒரு குத்து. கீழே என் கல்யாணச் சீர் எவர்சில்வர் தாம்பாளம். தாம்பாளத்தில் விழுந்ததை எடுத்து மறுபடியும் கவரில் ஊற்றிக்கொள்வேன். அந்தக் கோடை முழுவதும் நான் செலவழித்தது ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்தான், சத்தியமாக.

சொட்டு விழுவதற்கு முன் ஒரு கணம் தொங்கும். அப்போது அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதற்குள் குட்டியாக, தலைகீழாகத் தெரியும். எங்கள் வாசற்கதவு, அதற்கு வெளியே இருக்கும் சில்வர் ஓக் மரம், எல்லாம் ஒரு மிளகு அளவுக்குள். அதைப் பிடிப்பதுதான் என் ஆசை. பிடிபடவில்லை. மங்கலாக வந்த முதல் படங்களை என் கணவரிடம் காட்டினேன். அவர் எஸ்டேட் வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "சளி புடிச்ச மூக்கு மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாள் இன்னும் பிடிவாதமாக எடுத்தேன்.

எங்கள் வீடு மாடியில். பழைய வீடு, பலகைத் தரை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். மாடியில் நாங்கள் கடுகு தாளிப்பதுகூட அவருக்குக் கேட்கும்.

ஒரு நாள் காலையில் ஊசியைக் கொஞ்சம் பலமாகவே குத்திவிட்டேன். டக், டக், டக் என்று தாம்பாளம் நன்றாகவே பாடியது. கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, தண்ணி வந்திருச்சுங்க, எல்லாரும் வாங்க."

கதவுகள் திறந்தன. குடங்கள் மோதின. பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் பாதிச் சவர நுரையோடு இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், நானும் போனைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் தண்ணீர் முதலில் வருவது கீழ்வீட்டுக் குழாயில்தான். அதன் முன்னால் எல்லோரும் நின்றோம். குழாய் வாயில் காற்றுகூட வரவில்லை.

"எங்காதுல கேட்டனுங்க, டக்கு டக்குனு" என்றார் வீட்டுக்கார அம்மா.

எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். டக், டக், டக். சத்தம் மாடியிலிருந்து வந்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாக மேலே திரும்பின, பிறகு ஒன்றாக என் பக்கம் திரும்பின. நான் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"போட்டோ எடுத்திட்டிருந்தேங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் நுரையைத் துடைத்தார். வீட்டுக்கார அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொருக்கா இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா வேற ஊடு பாத்துக்கோங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த வீடு எனக்கு உயிர். பள்ளிக்கு நடந்து போய்விடலாம், படியிறங்கினால் குழாய் இருக்கிறது. இந்த ஊரில் அப்படி இன்னொரு வீடு கிடைக்க நாய்படாத பாடு பட வேண்டும். பால் கவரை அவிழ்த்து வைத்தேன். சில நாட்கள் ஒழுங்காக இருந்தேன்.

பிறகு ஒரு காலை, வீட்டுக்கார அம்மா குடத்தோடு கீழே ஊற்றுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். ஊற்றில் கூட்டம் இருக்கும், திரும்பி வர நேரமாகும். கை அரித்தது. கவரைக் கட்டினேன், குத்தினேன். வாசற்கதவைத் திறந்துவைத்தேன், வெளிச்சம் வேண்டுமே.

சொட்டு தொங்கியது. போனை அருகே கொண்டுபோனேன். சொட்டுக்குள் வாசல் பளிச்சென்று தெரிந்தது. அந்த வாசலில் தலைகீழாக ஒரு உருவம் வந்து நின்றது. விரல் தானாக அழுத்திவிட்டது.

நிமிர்ந்தேன். வீட்டுக்கார அம்மா இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். ஊற்று வற்றிவிட்டதாம், வெறுங்குடத்தோடு திரும்பியிருக்கிறார். படியேறும்போதே என் தாம்பாளம் காதில் விழுந்திருக்கிறது.

"சொன்னன்ல டீச்சர்? மாசக் கடைசில காலி பண்ணிக்கோங்க."

போனை அவரிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் குடத்தை இறக்காமலே வாங்கிப் பார்த்தார். சொட்டுக்குள் அவர்தான். மிளகு அளவு, துல்லியமாக, கோபம்கூடத் தெரிந்தது. தலை கீழே, கால் மேலே, இடுப்பில் குடம் வாய் தரையைப் பார்த்தபடி. அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல படம் அது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பாளம் மட்டும் அடங்காமல் டக் டக் என்றது.

"கொடம் கவுந்து கெடக்குது" என்றார்.

"ஆமாங்க."

"கவுந்தும் ஒரு சொட்டு உழுகல பாத்தீங்களா."

அவர் முகம் மாறியது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு குடம். சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

"இத நம்ம வார்டு வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க. கவுந்தும் ஒரு சொட்டு உழுகலன்னு நான் சொன்னனே, அதையும் கீழ எழுதுங்க. தண்ணி விடறவங்க பாக்கட்டும்."

அவர் கண்முன்னாலேயே போட்டேன். அவர் படியிறங்கத் தொடங்கினார்.

"ஏனுங்கம்மா, காலி பண்றது?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி வரட்டுங்க டீச்சர், அப்பறம் பேசிக்கலாம்."