சாலம்மாள் மெஸ்ஸின் புகைக்குழாய்

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெஸ் நடத்தும் சாலம்மாள், விறகடுப்பின் புகைக்குழாயை மாதம் ஒருமுறை தானே கம்பி பிரஷ்ஷால் சுரண்டுகிறாள். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறைதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கரியை வழித்துவிட்டு, குழாய்க்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள்.

கணவர் இறந்த வருடம் பூஜை கிடையாது. பூஜை இல்லாததால் குழாயையும் யாரும் தொடவில்லை. ஈர விறகின் புகை உள்ளே தாரைப் போலப் படிந்துகொண்டே இருந்தது.

மார்கழியில் ஒரு மதியம், சேலம் பஸ் சுவரோரம் உறுமுகிறது என்று நினைத்துக்கொண்டு சோறு பரிமாறினாள். உறுமியது குழாய். உள்ளே நெருப்பு பிடித்திருந்தது.

சமையல் மாஸ்டர் அன்பு குடத்துத் தண்ணீரோடு கூரைமேல் ஏறினான். "ஊத்துடா" என்று சொன்னவள் அவள்தான். கொதிக்கும் குழாய்க்குள் விழுந்த தண்ணீர் ஆவியாகச் சீறி அவன் முகத்துக்கே திரும்பியது. அன்பு பிழைக்கவில்லை.

"வெறக இழுத்துப் போட்டு, அடுப்பு வாய மண்ணால மூடிட்டு வெளிய வந்திருக்கணும்மா. மேல ஏறவே கூடாது" என்றார் பிறகு வந்த தீயணைப்பு வீரர்.

இந்த வருடம் மாமியார் இறந்தார். "வருசம் திரும்பற வரைக்கும் பூஜை கூடாதுங்க" என்றார்கள் உறவினர்கள்.

"சாமிக்கு வேணாம்னா விடுங்க. கரி வருசம் திரும்பற வரைக்கும் காத்திருக்குமா?" என்று எரிந்து விழுந்தாள்.

குழாய் இப்போது சுத்தம். ஆனாலும் சேலம் பஸ் உறுமும்போதெல்லாம் சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்து, ஆளில்லாத கூரையைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறாள்:

"ஊத்தாத அன்பு. எறங்கிடு."