பூசை நாளில் கழன்ற நட்டு

எழுதிப் பழகிய கையில்லை இது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆட்டோ ஓட்டுகிறவன், நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளாக ஓரம் போய் நிற்பவன். அப்படிப்பட்ட நான் ஒரு நட்டைப் பற்றி எழுதப் புறப்பட்டதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய ஓட்டத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ஆயுத பூசை. விடிவதற்கு முன்பே எழுந்து ஆட்டோவைக் கழுவினேன். முன்சக்கரத்துக்கு மேலே துரு ஏறியிருந்தது. சந்தனம் வைத்தால் துருவில் நிற்காது என்று, குலுக்கலைத் தாங்கும் ஷொக் எப்சோபரின் கீழ் போல்டையும் மேல் போல்டையும் கழற்றி, தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் மாட்டி, நட்டுகளை விரலால் திருகினேன். இறுக்குவதற்கு ஸ்பெனரைத் தேடினால் காணோம். மனைவி என் சாமான்கள் அத்தனையையும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு சேர்த்துச் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கும் ஏற்றியிருந்தாள். வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். இன்றைக்கு ஓடப்போவதில்லையே, நாளைக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏழரைக்கு மனைவியின் தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். இருபது வருடமாகக் கொழுந்து எடுப்பவள். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அன்று பத்து மணிக்கு நுவரெலியாவில் நேர்முகப் பரீட்சை. நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

"மச்சான், பஸ் வரல! நீங்கதான் கொண்டுபோயி விடணும்."

"போல்ட்டு..." என்று வாயெடுத்தேன். மனைவி அதற்குள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். "என்ன யோசிக்கிறீங்க? ஏறு புள்ள, ஏறு!" என்றாள். சாமி முன்னால் வைத்த ஸ்பெனரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ராகலை வரை மெதுவாகப் போனால் ஆட்டோ ஸ்டாண்டில் யாரிடமாவது வாங்கி இறுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, கிளம்பிவிட்டோம்.

முதல் வளைவில் 'டக்' என்றது. இரண்டாவது வளைவில் 'டக் டக்'. கோயில் சரிவில் இறங்கும்போது ஹேண்டில் என் கைகளைப் பிடித்து உலுக்கியது. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன். கீழ் போல்ட் பாதி வெளியே வந்து நின்றது. நட்டு இல்லை.

அப்போதுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கையால திருகிட்டுத்தானா என்னைய ஏத்துனீங்க? அக்காவுக்குப் பயந்துகிட்டு! சரி, திட்டுறத வரும்போது திட்டிக்கிறேன், தேடுங்க." பட்டுச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்துப் புல்லில் குனிந்துவிட்டாள்.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேடிக்கை கிடைத்துவிட்டது.

"என்னக்கா, இன்னிக்கிக் கொழுந்து தரையில மொளைக்குதா?"

"ஆமாடி, இரும்புக் கொழுந்து! வந்து ஒரு கூடை எடுத்துட்டுப் போ!"

பேசிக்கொண்டே கையை வீசித் துழாவினாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, சேற்றுக்குள்ளிருந்து நட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மலையே கைதட்டியது. எனக்கு வெட்கம் ஒருபக்கம், சந்தோசம் ஒருபக்கம்.

மறுபடி விரலால் திருகினேன். நூறடிக்கு ஒருதரம் இறங்கித் திருகித் திருகி, ராகலை ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர எட்டே முக்கால்.

அங்கே போன பிறகுதான் என் புத்தி எனக்கு விளங்கியது. என் ஸ்பெனர் மட்டும்தான் சாமி முன்னால் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்! ஸ்டாண்டில் மாலை போட்ட படம். அதன் முன்னால் ஜெக்கு முதல் ஸ்குரூ டிரைவர் வரை எல்லாமே சந்தனப் பொட்டோடு அடுக்கியிருந்தது. ஆட்டோக்களும் மாலையோடு வரிசையாக நின்றன.

"என்னண்ணே, ஒங்க ஆட்டோ சாமியாடிக்கிட்டே வருது?" என்றான் ஒருவன்.

"ஆயுத பூசையன்னிக்கு ஸ்பெனர் கேக்குற மொத ஆளு நீங்கதான்ணே!"

விசயத்தைச் சொன்னபோது ஒருத்தன் மட்டும் அவளைப் பார்த்துச் சங்கடப்பட்டான். "பூசாரி இன்னும் வரலக்கா. பூசை முடியாம வண்டிய எடுக்க மாட்டோம். இப்ப பஸ்ஸுல போனாலும் பத்துக்குப் போய்ச் சேராது."

அவள் கையிலிருந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைப் பார்த்தாள். இரும்புக் கொழுந்து என்று சிரித்தவள் அதை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். வாழ்க்கையில் நடுத்தெருவில் சத்தம் போட்டறியாதவன் நான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் தன் ஹார்டுவெயார் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"நானா!" என்று கத்தினேன். ஸ்டாண்டே திரும்பியது. "நானா, பதினேழாம் நம்பர் ஸ்பெனர் ரெண்டு இருக்கா? ஒங்க கடையில பூசை இல்லையே?"

"நம்ம ஸ்பெனருக்கு இன்னைக்கு லீவு இல்ல, கொண்டாங்க வண்டிய!" என்றார் அவரும் அதே சத்தத்தில். எல்லாரும் சிரித்தார்கள். நாலு பேர் ஓடிவந்து ஆட்டோவைத் தள்ளி ரோட்டைக் கடத்தினார்கள்.

போல்டின் தலையை ஒருவர் பிடிக்க வேண்டும், நட்டை ஒருவர் திருக வேண்டும். நானாவுக்கு முழங்கால் மடங்காது. விசயத்தைக் கேட்டுக்கொண்டவர் ஒரு ஸ்பெனரை அவள் கையில் கொடுத்து, "புள்ள பாக்குற வேலைக்குத்தானே போறீங்க? இது அழாது, சும்மா புடிங்க," என்றார். அவள் சேலையோடு மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தாள். நான் படுத்துக்கொண்டு திருகினேன். கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட். கடைசிச் சுற்றில் இரும்பு இறுகி நின்றது. முன்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

ஒன்பது மணி. கந்தப்பளை வழியாக அன்று நான் ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு குழியிலும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மரக்கறி லொறிகளைத் தாண்டினேன், பனியைத் தாண்டினேன். பின்னால் இருந்து, "மச்சான், அந்த லொறியையும்!" என்று அவள் கூவிக்கொண்டே வந்தாள். பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அலுவலக வாசலில் நிறுத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். விரல்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. "கையில என்னான்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு பேரும் சிரிச்சாங்க," என்றாள். "சிரிச்சாங்களே தவிர, ஒண்ணும் சொல்லல மச்சான்." பிறகு சொன்னபடி ராகலை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை அவளுக்கு போன் வந்தது. முதலாம் தேதி வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்தக் காலையில் மழை என்பதால் நான் வண்டி எடுக்காமல், சாமி முன்னாலிருந்து எடுத்த என் ஸ்பெனரால் அந்த நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிவைத்தேன்.