ஸ்கோர் எழுதுவது யார்?

லூர்துமேரி மிஸ்ஸுக்கு விசில் ஊதத் தெரியும். கத்தத் தெரியும். மல்காஜ்கிரியிலிருந்து நாச்சாரத்துக்கு ஓட்டை ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடத்தில் போகத் தெரியும். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மட்டும் தெரியாது. அதனால்தான் அன்றைக்குக் குடி முழுகப் பார்த்தது.

மிஸ் எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பா டேனியல் அரக்கோணத்துக்காரர், ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மிஸ் பிறந்தது, வளர்ந்தது, முட்டியை உடைத்துக்கொண்டது எல்லாம் இங்கே மல்காஜ்கிரி ரயில்வே காலனியில்தான். முட்டி போனது த்ரோபாலில். இருபத்திரண்டு வயதில் டாக்டர், "இனிமே ஆடாதே" என்றாராம். மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன் என்று மிஸ்ஸே சொல்வார். அப்படி அழுதவர்தான் டீச்சராகி, பதினாறு வருடம் அதையே பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாயால் இல்லை, நோட்டால்.

ஒவ்வொரு வகுப்பிலும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள். எனக்கு வலது காலும் வலது கையும் பிறந்ததிலிருந்தே இறுக்கம். ஊன்றுகோல் இல்லாமல் நாலு அடி போனால் ஐந்தாவது அடி தரையில்தான். ஆறாம் வகுப்பில் முதல் நாள், மிஸ் என்னை பெஞ்சில் உட்கார வைத்து ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தார்.

"சபீனா, நீதான்டி எனக்கு நம்பிக்கையான ஆளு."

ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழு பேர் பெயருக்குக் கீழே எட்டாவதாக என் பெயரையும் எழுதினேன். எனக்கு மூன்று புள்ளி, சில நாள் நாலு. மழை பெய்து ஆட்டம் நின்ற நாளில்கூட எனக்கு ஒன்று உண்டு. மூன்று வருடம், அறுபத்தொரு ஆட்டம். மிஸ் நோட்டைத் திறந்ததே இல்லை. அப்படியே மண்டல விளையாட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார், அங்கிருந்து திரும்பினால் அது என் கைக்கே வரும்.

எட்டாம் வகுப்பு முடியும்போது அங்கிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே சான்றிதழ், தங்க நிறத்தில் ஓரம் போட்டது. ஆண்டின் சிறந்த த்ரோபால் வீராங்கனை, எஸ். சபீனா.

மிஸ் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான் பெஞ்சில்தான் இருந்தேன். வேறு எங்கே இருப்பேன்?

"இது என்னடி?"

"கங்கிராட்ஸ் சொல்லுங்க மிஸ்."

அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். விழவில்லை. மிஸ் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் எட்டாவது பெயர். அப்புறம் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்த முதல் தடவை அதுதான்.

"மழை நாள்ல கூடவா ஆடினே?"

"ஆமா மிஸ். அன்னிக்குக் கூட்டம் கம்மி."

மறுநாள் காலையிலிருந்து மிஸ் தனக்குத் தெரிந்த பி.டி. டீச்சர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "உங்க ஸ்கூல்ல ஸ்கோர் எழுதுறது யாரு?"

ஒரு பள்ளியில் இதயத்தில் ஓட்டை உள்ள பையன். இன்னொன்றில் ஒரு கண் தெரியாத பெண். ஜீடிமெட்லாவில் ஒரு பள்ளியில் காது கேட்காத பையன். அவன் ஸ்கோரும் எழுத வேண்டும், எல்லோர் செருப்புக்கும் காவல் இருக்க வேண்டும். நாற்பது பள்ளிகளில் முப்பத்தாறில் இதே கதை. நாச்சாரத்து சலீம் சார் மட்டும், "மேரி அக்கா, நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. நாளைக்கே வரேன்" என்றார்.

அப்படித்தான் 'நோ பெஞ்ச்' பிறந்தது. நாலு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் இன்று இருநூற்றுப் பதினாலு பேர். பி.டி. டீச்சர்கள், பிசியோக்கள், ஸ்பெஷல் எஜுகேட்டர்கள். குழுவின் முகப்புப் படம் என் பொய்ச் சான்றிதழ். சேர வேண்டுமானால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு கூட்டம். அதில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது விதி சொன்னாலும், முதலில் அவரே அந்த விதிப்படி ஆடிக்காட்ட வேண்டும்.

இந்த ஜனவரியில் மண்டலச் செயலாளர் மிஸ்ஸுக்கு இருபது நிமிடம் கொடுத்தார். விளையாட்டு விழாவில், எல்லாப் பிள்ளைகளும் கலந்து ஆடும் த்ரோபால், ஒரே ஒரு மாதிரி ஆட்டம். ஒழுங்காக நடந்து, ஸ்கோர் தாளோடு பதிவானால் அடுத்த வருடப் பட்டியலில் அது நிரந்தரம். இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. மிஸ் மூன்று வருடமாக அந்த அலுவலகப் படியை ஏறி இறங்கியது இதற்குத்தான். அந்த முட்டியை வைத்துக்கொண்டு.

செய்தி வந்ததும் இருநூற்றுப் பதினாலு பேரும் குதித்தார்கள். குதித்துவிட்டு ஆளுக்கொரு விதி எழுதினார்கள். முப்பத்தெட்டு பக்கம் ஆனது. ஒத்திகை அன்று மிஸ் அதை வாசித்து முடிக்கப் பதினேழு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடத்தில் நாங்கள் யார் எங்கே நிற்பது என்று சண்டை போட்டோம். பந்து கையை விட்டே போகவில்லை.

சலீம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே வெங்கட் பாய், காய்கு? எதுக்கு இவ்ளோ ரூல்?"

"எல்லாமே சேஃப்டிக்குத்தானுங்க" என்றார் பிசியோ வெங்கட், கோயம்புத்தூர்க்காரர். "ஒவ்வொரு த்ரோவுக்கும் மூணு செகண்ட் இடைவெளி விட்டா, பிள்ளைங்க ரெடியாயிக்கலாமுங்க."

மிஸ் விசில் ஊதினார். "வழக்கம் என்ன? எழுதினவங்கதான் முதல்ல ஆடணும். இறங்குங்க எல்லாரும்!"

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் தங்கள் விதியிலேயே தடுக்கி விழுந்தார்கள். வெங்கட் சார் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி முடிப்பதற்குள் பந்து அவர் மண்டையில் இறங்கியது. நாலு கலர் அட்டை யோசனை சொன்ன அக்காவுக்கு எந்தக் கலர் எதற்கு என்றே மறந்துபோனது. விழ விழ ஒவ்வொரு பக்கமாகக் கிழிந்தது. கடைசியில் மிஞ்சியது நாலே விதி.

வேண்டியவர்கள் பந்து ஒரு தடவை தரையில் குதித்த பிறகு பிடிக்கலாம். வேண்டியவர்கள் உடம்போடு அணைத்துப் பிடிக்கலாம். பாவம் பார்த்து மெதுவாக எறிந்தால் ஃபவுல். ஸ்கோரை டீச்சர்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது என்னுடையது. அதற்காக வெங்கட் சார் மேல் பத்து பந்து முழு பலத்தோடு எறிந்து காட்டினேன்.

விழா நாள். நாற்பது பள்ளிக்கூடத்துக் கூட்டம். சலீம் சார் நடுவர். மிஸ் மேசையில், கையில் பேனா, முன்னால் ஸ்கோர் தாள். நான் ஒரு அணிக்கு கேப்டன். நான் இப்போது பள்ளியில் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் விழுந்து ஓப்பன் ஸ்கூலில் இருக்கிறேன். மாதிரி ஆட்டம் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். எதிரணி கேப்டன் பத்மப்ரியா, ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு.

முதல் பந்தை அவள் எனக்கு பஞ்சு மாதிரி போட்டாள். பீய்ங் என்று விசில்.

"ஃபவுல்! பாவம் பார்த்துட்டே!" என்று சலீம் சார் கத்தினார். கூட்டம் சிரித்தது. பத்மப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த பந்து என் காதோரம் சர்ரென்று போனது. அப்பாடா, ஆட்டம் ஆரம்பம்.

ஐந்துக்கு ஐந்து. எட்டுக்கு ஏழு. காது கேட்காத எங்கள் அணிப் பையன் பாபு பின்கோட்டிலிருந்து ஒன்று போட்டான், எதிரணியில் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இடது கையால் மூலைக்குப் போட்டேன். விழுந்தது! புள்ளி! தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு மேலே ஒரு குரல் கத்தியது. அது மிஸ். பெஞ்சின்மேல் ஏறி நின்று, உடைந்த முட்டியோடு குதித்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பதிமூன்று, அவர்களுக்குப் பதினாலு. பதினைந்தில் ஆட்டம் முடியும். பத்மப்ரியா என்னை நேராகப் பார்த்து எறிந்தாள், அவளிடம் இருந்த அத்தனை பலத்தோடும். விரலில் பட்டு நழுவியது. தோற்றோம். என்னையும் ஒருத்தி மெனக்கெட்டுத் தோற்கடித்திருக்கிறாள்! ஊன்றுகோலைத் தூக்கிச் சுற்றினேன்.

அப்போதுதான் செயலாளர் மேசைக்கு வந்தார்.

"ஸ்கோர் ஷீட் ஏதம்மா?"

மிஸ் தாளைப் பார்த்தார். மூன்றுக்கு இரண்டு என்பதோடு நின்றிருந்தது. அதற்குமேல் வெள்ளை. முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தப் புள்ளியை யார் எடுத்தார்கள் என்று வரிசையாக இல்லாவிட்டால் பதிவு கிடையாது. மிஸ்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வருடம் படி ஏறியது, கடைசியில் ஒரு குதியில் போய்விட்டது.

"சார்... ஒரு நிமிஷம்..."

"நக்கோ மிஸ், நீங்க எழுத வேணாம்" என்று தாளை இழுத்தேன். "கொடுங்க இப்படி."

மூன்று வருடம் பொய் எழுதியவளுக்கு உண்மைக் கணக்கு தானாக மனதில் ஓடும். உண்மை தெரிந்தால்தானே பொய்யை அளவாகப் போட முடியும்? ஆறாவது புள்ளி பாபு. ஏழாவது அவர்களுடைய குட்டைப் பெண். எட்டு, ஒன்பது... நிறுத்தாமல் எழுதினேன். என் வரி வந்ததும் பேனா நின்றது. பழைய கை. மூன்று என்று போட்டிருந்தால் அந்தக் கூச்சலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று என்று எழுதினேன். தவறவிட்டது மூன்று. அதையும் எழுதினேன்.

செயலாளர் தாளை பத்மப்ரியாவிடம் நீட்டினார். அவள் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். மிஸ் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார், வலித்தது. பத்மப்ரியா, "கரெக்ட் சார்" என்று கையெழுத்துப் போட்டாள். செயலாளர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "அடுத்த வருஷம் எத்தனை டீம் வரும்மா?"

மிஸ் பதிலுக்கு விசிலைத்தான் ஊதினார். நீளமாக. செயலாளர் போன பிறகு மிஸ் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கென்னவோ உனக்கு ரெண்டு பாயிண்ட்டுன்னு ஞாபகம்டி."

"நீங்க எங்க பார்த்தீங்க? குதிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் மிஸ். ஆனா விழுந்துச்சு, பார்த்தீங்கல்ல?"

மிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்கூட்டி சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சலீம் சார் நாலாவது விதிக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஸ்கோரை டீச்சர்தான் எழுத வேண்டும். அந்த டீச்சர் லூர்துமேரியாக இருந்தால், அவரை நாற்காலியில் பிடித்து உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். இருநூற்றுப் பதிமூன்று ஓட்டில் நிறைவேறியது. வழக்கப்படி, சொன்னவரே முதலில் செய்து காட்ட வேண்டும் அல்லவா? செய்தார். ஆட்டம் பத்துக்குப் பத்தில் இருந்தபோது மிஸ் எழுந்தார், நாற்காலியோடும் சலீம் சாரோடும்.